நினைவில்லாத கருவி

இளமையில் தம் கைப்பணத்தைக் கொடுத்து முதன்முதலாக வாங்கிய பொருள் எது என்று கேட்டால், அறுபது வயதைக் கடந்தவர்களும் தயங்காமல் விடை சொல்லிவிடுவார்கள். ஒருவர் மைப்பேனா என்பார்; ஒருவர் கைக்கடிகாரம் என்பார்; மற்றொருவர் பழைய சைக்கிள் என்பார். நான் வாங்கியது ஓர் இசைத்தட்டு. அதில் பாட்டும் இல்லை, பாடகரும் இல்லை. வீணை, வயலின், புல்லாங்குழல் என்று நாம் பெயர் சொல்லக்கூடிய வாத்தியமும் இல்லை. மின்சாரத்திலிருந்தே நாதத்தைப் பிறப்பிக்கும் சிந்தசைஸர் முதலிய கருவிகளால் ஆன இசை அது. அந்தத் தட்டைப் பற்றியும், அதன் வழியாகப் பல ஆண்டுகள் கழித்து நான் தெரிந்துகொண்ட ஓர் உண்மையைப் பற்றியும் சில நிமிஷங்கள் உங்களோடு பேச விரும்புகிறேன்.

1978ஆம் ஆண்டு. எனக்கு அப்போது 17 வயது. பம்பாயில் மாதுங்காவில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுச் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, மூன்று மாதம் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மாலை ரயிலேறிக் கோட்டைப் பகுதிக்குப் போனேன். காலா கோடாவில் 'ரிதம் ஹவுஸ்' என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. பம்பாயில் வாழ்ந்து இசையில் நாட்டங் கொண்டவர்களுக்கு அந்தக் கடை ஒரு கோயிலைப் போன்றது. 2016ஆம் ஆண்டில் அது மூடப்பட்டபோது பலர் தம் வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தாற்போல வருந்தினார்கள். அந்தக் கடையில் சின்னஞ்சிறு அறைகள் இருந்தன. விரும்பிய தட்டை அங்கே போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.

அன்று என் கைக்கு வந்த தட்டின் உறையில் பூமி உருண்டை ஒன்று வரையப்பட்டிருந்தது. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்தாற்போல அதன் மேற்பரப்பு உரிந்து கிடந்தது. உள்ளே ஒரு மண்டை ஓடு தெரிந்தது. இசையமைத்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழான் மிஷெல் ஜார். தட்டின் பெயர் 'ஆக்ஸிஜென்'. பிராணவாயு என்பது பொருள். 1976ஆம் ஆண்டின் இறுதியில் அது பாரிஸ் நகரில் வெளிவந்தது. தட்டு சுழலத் தொடங்கியதும் அந்தச் சிறிய அறையின் சுவர்கள் விலகிப் போய்விட்டாற்போல எனக்குத் தோன்றிற்று. காற்று வீசுவது போலவும், தொலைவில் அலை புரள்வது போலவும், இடையிலே யாரோ மிக உயரத்திலிருந்து சீழ்க்கை அடிப்பது போலவும் ஒலிகள் எழுந்தன. இந்த ஒலிகளுக்கெல்லாம் இவ்வுலகில் ஊரும் பேரும் கிடையாது என்ற நினைப்பே 17 வயதில் ஒரு பெரிய விடுதலையாக இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் இருந்த கிராமபோன் என் தந்தையார் கர்நாடக சங்கீதம் கேட்பதற்காக வாங்கியது. அவர் ஒரு குமாஸ்தா. சபை ஏறிய வித்துவான் அல்லர். ஆனால் இளமையில் முறையாகச் சிட்சை பெற்றவர். விடியற்காலையில் எழுந்து, பிறர் உறக்கம் கலையாதவாறு, தாழ்ந்த குரலில் அரை மணி நேரம் பாடுவார். நான் கொண்டுவந்த தட்டை அவர் தடுக்கவில்லை. ஒரு பக்கம் முழுவதையும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்தபின், "நன்றாகத்தானடா இருக்கிறது. ஆனால் இதில் மூச்சு எங்கே வாங்குகிறார்கள்?" என்றார்.

"பிராணவாயு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நீங்கள் மூச்சு எங்கே என்கிறீர்களே, அப்பா!" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார். பேச்சு அத்துடன் முடிந்தது. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கு விடை தேடப் போய்த்தான் இந்த இசையின் வரலாற்றை நான் படிக்கலானேன்.

நேயர்களே, இந்த மின்னணு இசைக்குப் பிறந்த வீடு எது தெரியுமா? வானொலி நிலையந்தான். பிரெஞ்சு வானொலியில் பணிபுரிந்த பியேர் ஷேஃபர் என்ற பொறியாளர் 1948ஆம் ஆண்டில் ரயில் வண்டிகளின் ஓசையைப் பதிவு செய்து, வெட்டியும் சேர்த்தும் திருப்பித் திருப்பி ஒலிக்கச் செய்தும், அதையே ஓர் இசைப் படைப்பாக ஆக்கி ஒலிபரப்பினார். 1951ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கொலோன் நகர வானொலியிலும், 1955ஆம் ஆண்டில் இத்தாலியில் மிலான் நகர வானொலியிலும் இதற்கென்றே ஒலிக்கூடங்கள் அமைந்தன. 1958ஆம் ஆண்டில் லண்டனில் பி.பி.ஸி. நிறுவனமும் ஒன்றை அமைத்தது. அங்கே பணிபுரிந்த டீலியா டெர்பிஷயர் என்ற பெண்மணி, ரான் கிரேய்னர் எழுதிக் கொடுத்த ஸ்வரங்களைக் கொண்டு, 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு 1963ஆம் ஆண்டில் முகப்பிசை உருவாக்கினார். அவர் கையில் சிந்தசைஸர் இல்லை. சோதனைச்சாலைக் கருவிகளிலிருந்து ஒவ்வோர் ஒலியாக எழுப்பி, நாடாவில் பதிந்து, கத்தியால் நறுக்கி, அங்குலக் கணக்கில் ஒட்டி அதைச் செய்து முடித்தார். பல நாள் உழைப்பு. கேட்பதற்கோ இரண்டு மூன்று நிமிஷம்.

இந்தப் பெருஞ்சிரமத்தைக் குறைக்க வந்ததே சிந்தசைஸர். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் மோக் என்பவர் தம் கருவியை அமைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா என்பவரும் வேறொரு முறையில் இதைச் செய்துகொண்டிருந்தார். கருவியின் தத்துவம் எளிது. ஒரு பகுதி மின்னலையை எழுப்புகிறது, அதுவே நாதம். ஒரு பகுதி அந்த நாதத்திலிருந்து வேண்டாததை வடிகட்டுகிறது. அதனால் ஒலிக்கு நிறம் உண்டாகிறது. மற்றொரு பகுதி, ஒலி எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எப்படித் தேய்ந்து அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மோக் கருவியில் மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். இந்தப் பகுதிகளையெல்லாம், பழைய டெலிபோன் நிலையத்தில் செய்ததைப் போல, கம்பிகளைச் செருகி ஒன்றோடொன்று இணைக்க வேண்டும்.

இந்தக் கருவிக்கு இரண்டு பெருங்குறைகள் இருந்தன. ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரந்தான் ஒலிக்கும். 1968ஆம் ஆண்டில் வெண்டி கார்லோஸ் என்பவர் பாக் என்ற ஜெர்மானிய மேதையின் இசையை மோக் கருவியில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு உலகெங்கும் புகழ் பெற்றது. அதில் பல குரல்களாக இழைந்து வருவனவெல்லாம் ஒவ்வொன்றாகத் தனித்தனியே வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்தவை. அறையின் வெப்பம் சற்று மாறினாலும் சுருதி விலகிவிடும். கச்சேரியின் நடுவே தம்புராவை அடிக்கடி சரிபார்ப்பதைப் போல, ஒரு வரி வாசிப்பதற்குள் பலமுறை சுருதி கூட்ட வேண்டியிருந்தது.

இரண்டாவது குறைதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்தக் கருவிக்கு நினைவு கிடையாது. இன்று மாலை கம்பிகளைச் செருகி, திருகுகளைத் திருகி, ஓர் அருமையான ஒலியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறோர் ஒலியைத் தேடிக் கம்பிகளை எடுத்தோமானால் முதல் ஒலி போயிற்று. தாளில் குறித்துவைத்து மறுநாள் அவ்வாறே அமைத்தாலும் அச்சாக அதுவே வருவதில்லை. ஜார் தம் இசைத்தட்டைப் பாரிஸில் தம் வீட்டிலேயே, ஒருசில கருவிகளையும் எட்டுத் தடங்கள் கொண்ட ஓர் ஒலிப்பதிவு யந்திரத்தையும் வைத்துக்கொண்டு உருவாக்கினார். தாளம் தரும் சிறிய யந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு பொத்தானைத்தான் அழுத்த முடியும். இரண்டு தாளங்களைக் கலப்பதற்காக இரண்டு பொத்தான்களையும் அழுத்தி, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டிவிட்டாராம்! நான் கேட்டு மயங்கிய அந்தத் தாளம் அப்படிப் பிறந்ததுதான்.

இதைப் படித்தபோது என் தந்தையாரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. அந்த இசையில் மூச்சு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது கருவியின் மூச்சன்று. இரவு முழுவதும் திருகோடு போராடி, நாளைக்கு இந்த ஒலி மீண்டும் வராது என்று தெரிந்து, இப்பொழுதே பதிந்துவிட வேண்டும் என்று விரைந்த மனிதனின் மூச்சு.

நான் அந்த இசைத்தட்டை வாங்கிய அதே 1978ஆம் ஆண்டில் 'ப்ராஃபெட் 5' என்ற கருவி அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரே சமயத்தில் ஐந்து ஸ்வரங்களை ஒலிக்க வல்லது. அதைவிட முக்கியம், அமைத்த ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தியதும் திருப்பித் தர வல்லது. 1983ஆம் ஆண்டில் யமஹா நிறுவனத்தின் 'டி.எக்ஸ். 7' என்ற கருவி வந்தது. அது மிகுதியாக விற்பனையாயிற்று. அதில் முன்னரே அமைத்துத் தந்திருந்த ஒலிகளையே பலரும் பயன்படுத்தியமையால், ஒரே மணியோசையும் ஒரே பியானோவும் உலகத்தின் எல்லா மூலைகளிலும் கேட்கலாயின. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பின்வந்த கருவிகளாலும் மேலான இசை உண்டாகியிருக்கிறது. பழைய ஒலிகளை விரும்புவது வெறும் இளமை மயக்கம் என்று என் பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. அதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை அன்று. ஒருமுறைதான் வரும் என்று தெரிந்த ஒலிக்கும், வேண்டும்போதெல்லாம் வரும் ஒலிக்கும் வேறுபாடு உண்டு. காது அதை அறியும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தக் கருவியெல்லாம் பாரிஸுக்கும் நியூயார்க்கிற்கும் உரியது, நாம் தொலைவிலிருந்து கேட்பவர்கள் மட்டுமே என்று நாற்பது ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை அண்மையில்தான் உணர்ந்தேன்.

ஆமதாபாத் நகரில் 1961ஆம் ஆண்டில் தேசிய வடிவமைப்புக் கழகம் நிறுவப்பட்டது. அதை வளர்த்தவர்களுள் முக்கியமானவர்கள் கௌதம் சாராபாயும் அவர் சகோதரி கிரா சாராபாயும். அவர்களுடைய மற்றொரு சகோதரி கீதா சாராபாய் பக்கவாஜ் வாசிப்பில் தேர்ந்தவர். 1946ஆம் ஆண்டில் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு இந்திய இசையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேனாட்டுப் புதிய இசையைப் பயின்றார். அந்த நட்பின் வழியாக, கேஜின் நெருங்கிய கூட்டாளியான டேவிட் ட்யூடர் 1969ஆம் ஆண்டில் ஆமதாபாத் வந்தார். கழகத்தில் ஒரு மோக் சிந்தசைஸரை நிறுவி, ஓர் ஒலிக்கூடத்தை அமைக்கத் துணை செய்தார். 1969ஆம் ஆண்டில்! நான் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. பம்பாயிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் அந்தக் கருவி இருந்திருக்கிறது.

கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை படைத்தார்கள். ராகத்தையும் தம்புராவின் நாதத்தையும் அந்தக் கருவியோடு சேர்த்துப் பார்த்தார்கள். விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்தார்கள். பறவைகளின் குரலைப் போல ஒலிக்கச் செய்தார்கள். ஆனால் அவை இசைத்தட்டாக வெளிவரவில்லை. சில ஆண்டுகளில் அந்த முயற்சி நின்றுபோயிற்று. நாடாச் சுருள்கள் கழகத்தின் ஆவணச் சேமிப்பில் தங்கிவிட்டன. 2017ஆம் ஆண்டில் பால் பர்கஸ் என்ற இங்கிலாந்து நாட்டு இசைக் கலைஞர் அங்கே வந்து அவற்றை வெளிக்கொணர்ந்தார். 2020ஆம் ஆண்டில் பி.பி.ஸி. வானொலியில் அதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வந்தது. 2023ஆம் ஆண்டில் அந்த ஒலிப்பதிவுகள் இசைத்தொகுப்பாக வெளியாயின.

அதைக் கேட்டபோது எனக்கு உண்டானது மகிழ்ச்சி மட்டுமன்று. ஒரு விதமான ஏக்கமுங்கூட. பழைய நினைவால் வருவது அன்று அந்த ஏக்கம். நினைவே இல்லாமற் போனதால் வந்தது. 1978ஆம் ஆண்டில் ரிதம் ஹவுஸின் சிறிய அறையில் இவற்றுள் ஒன்று எனக்குக் கிடைத்திருந்தால், என் இளமையின் இசை ஆமதாபாத்தின் இசையாக இருந்திருக்கலாம். என்னைப் போன்ற எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கலையில் இறங்கியிருக்கலாம். தட்டாகப் பதிந்ததைத்தான் நாம் கேட்டோம். கேட்டதைத்தான் நினைவில் வைத்தோம். நினைவில் வைத்ததையே வரலாறு என்று நம்பிவிட்டோம்.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். சரண்ஜித் சிங் என்ற பம்பாய்க் கலைஞர் 1982ஆம் ஆண்டில் பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதை வாங்குவார் அதிகமில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, டச்சு நாட்டு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் தில்லியில் அதைக் கண்டெடுத்தார். 2010ஆம் ஆண்டில் அது மறுபடியும் வெளியிடப்பட்டது. முதிய வயதில் அவரை அயல்நாடுகளில் அழைத்துப் பாராட்டினார்கள். 2015ஆம் ஆண்டில் அவர் காலமானார். விற்காவிட்டாலும் தட்டாக அச்சேறி இருந்தமையால் அந்த இசை பிழைத்தது. டீலியா டெர்பிஷயரின் கதையும் இத்தகையதே. ஒளிபரப்பில் அவர் பெயரைக் குறிப்பிடாமலே பல ஆண்டுகள் கழிந்தன. 2001ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், வீட்டுப் பரணிலிருந்து 267 நாடாச் சுருள்கள் கிடைத்தன. அவை இன்று மான்செஸ்டரில் பாதுகாக்கப்படுகின்றன.

நேயர்களே, ஊரார் பரணைப் பற்றி இவ்வளவு பேசினேன். என் வீட்டுப் பரணைப் பற்றியும் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது.

எங்கள் வீட்டில் ஒரு காஸெட் ரிக்கார்டர் இருந்தது. 1979ஆம் ஆண்டிலிருந்து நண்பர்களிடம் இரவல் வாங்கிய தட்டுகளையெல்லாம் நான் அதில் பதிந்து கொண்டேன். இணைக்கும் கம்பி கிடையாது. ஆகையால் கிராமபோனின் எதிரில் ரிக்கார்டரை வைத்து, வீட்டில் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பதிவேன். ஏறக்குறைய 60 காஸெட்டுகள் சேர்ந்தன. இத்தனைக்கும் நடுவில், விடியற்காலையில் அடுத்த அறையில் பாடிக்கொண்டிருந்த என் தந்தையாரின் குரலை ஒரு நாளாவது பதிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பாட்டு நாளைக்கும் வரும், நாளன்றைக்கும் வரும் என்று இருந்துவிட்டேன். பாரிஸில் ஒருவர் எழுப்பிய ஒலி போய்விடுமே என்று பதறியவனுக்கு, வீட்டிலே எழுந்த ஒலியும் ஒரு நாள் போய்விடும் என்பது தெரியவில்லை. 1991ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் காஸெட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதி கெட்டுப் போயிருந்தன. ஒரு நண்பன் வீட்டு இசைத்தட்டைப் பதிந்த காஸெட் ஒன்றில், இசை மெலிந்து வரும் ஓர் இடத்தில், பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கிறது. பிறகு, "டேய், காப்பி ஆறுகிறது பார்" என்று அப்பாவின் குரல். பதிவு நடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், பேச்சை நிறுத்திவிடுகிறார். பின்னர் ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே நடந்து போகிறார். இருபது விநாடி இருக்கும். பிலஹரி என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்வதற்குள் கதவு சாத்தப்படுகிறது. நடுவே ஓரிடத்தில் அவர் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்கிறது. அவருடைய சங்கீதத்தில் எங்களுக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். அன்று அந்தப் பதிவு கெட்டுவிட்டதே என்று நான் அவரைக் கோபித்துக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் அலமாரியிலும் பழைய தட்டுகளோ, நாடாச் சுருள்களோ, காஸெட்டுகளோ இருக்கலாம். அவற்றைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகத்தைப் போல நிமிர்த்தி வையுங்கள். நாடாவில் வெண்மையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால், ஆவலால் உடனே ஓட்டிப் பார்க்க வேண்டாம். பழகிய கை ஒன்றிடம் ஒப்படையுங்கள். கணினியில் படியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். யார் குரல், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். பெயரில்லாத ஒலி, அடுத்த தலைமுறைக்கு வெறும் சத்தமே.

இன்னொன்று. உங்கள் வீட்டில் பாடுகிற முதியவர் ஒருவர் இருப்பாராயின், இன்று மாலையே அவரைப் பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள். இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. சுருதி சற்று விலகினாலும் பரவாயில்லை. பின்னணியில் பாத்திரச் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை.

நான் முதன்முதலில் வாங்கிய இசைத்தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கீறல்கள் விழுந்திருக்கின்றன. உறையின் மூலைகள் தேய்ந்துவிட்டன. எப்போதாவது போட்டுக் கேட்கிறேன். அந்த இருபது விநாடி காஸெட்டையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.